7/8, 8/9: எது பெரியது?

கேட்டவுடன் பேனாவைத் தேடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். குறுக்கே பெருக்கினால் 7 × 9 = 63, 8 × 8 = 64, ஆகவே 8/9 பெரியது. விடை சரி. ஆனால் அந்த 63உம் 64உம் எவற்றின் எண்ணிக்கை என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. (முழுமையை 72 பங்காக்கினால் கிடைக்கும் பங்குகள் அவை.)

பேனாவே வேண்டாம். முழுமை அடைய 7/8க்கு இன்னும் 1/8 தேவை, 8/9க்கு 1/9 போதும். குறை எதற்குச் சிறியதோ அதுதான் பெரிய பின்னம். 98/99ஐயும் 99/100ஐயும் கொடுத்தாலும் இதே கதைதான்.

குறுக்குப் பெருக்கலை எடுத்த எடுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். அதன்பிறகு பின்னம் என்பது ஓர் எண்ணாகவே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எண்களாகத்தான் தெரிகிறது. 1978இல் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றில், 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். தெரிவுகள்: 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களுமே ஒன்றை ஒட்டி நிற்பவை, எனவே 2. அதைச் சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். தொகுதிகளைக் கூட்டினால் 19, பகுதிகளைக் கூட்டினால் 21!

1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையும் இதே ரகம். விதியை மீண்டும் ஒப்பிக்கச் சொல்வதைவிட, '2/5 அரையைவிடப் பெரியதா?' என்று கேட்கலாம். ஐந்தில் அரை இரண்டரை, இங்கே இருப்பதோ இரண்டு. அரையோடு இன்னொன்றைக் கூட்டியபின் அரைக்கும் கீழே எப்படிப் போகும்?

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவறான கூட்டலுக்கும் கணிதத்தில் ஒரு கௌரவமான இடம் உண்டு. மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டினால் வருவது எப்போதும் அந்த இரண்டு பின்னங்களுக்கும் நடுவில்தான் விழும்: 1/3, 2/5, 1/2. இதைப் பற்றி 1816இல் எழுதிய ஜான் ஃபேரி ஒரு நிலவியலாளர். நிரூபித்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி. இப்படி அமையும் பின்ன வரிசைக்கு 'ஃபேரி வரிசை' என்று பெயர் என்னவோ ஃபேரிக்கே போய்விட்டது.

வரிசைப்படுத்தும்போதும் அரையை நடுவில் நட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். 5/6, 3/8, 7/12, 2/5. எட்டில் அரை நான்கு, ஆகவே 3/8 கீழே, 2/5உம் கீழே. மற்ற இரண்டும் மேலே. 7/12 அரையை இப்போதுதான் தாண்டியிருக்கிறது, 5/6 ஒன்றை நெருங்கிவிட்டது. மிச்சம் 3/8உம் 2/5உம். தொகுதியைச் சமமாக்கினால் 6/16, 6/15. பதினாறில் ஒரு பங்கு பதினைந்தில் ஒரு பங்கைவிடச் சிறியது, எனவே 3/8தான் கடைசி. பகுதியைத்தான் சமமாக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்படியெல்லாம் பார்த்தும் பிடிகொடுக்காத ஜோடிகள் உண்டு. 5/8, 7/11. இரண்டும் அரையைத் தாண்டியவை, இரண்டும் ஒன்றுக்குத் தூரம், குறைகளோ 3/8, 4/11. அங்கே தாராளமாகக் குறுக்கே பெருக்குங்கள்: 55, 56.