ஊர் திரும்பிய ஓவியர்

பிலிப்பைன்ஸ் ஓவியம் என்றால் முதலில் ஃபெர்னாண்டோ அமோர்சோலோவைச் சொல்வார்கள். பொன்வெயில் விழும் வயல், நாற்று நடும் பெண்கள். 1972இல் அந்நாட்டு அரசு கலைஞர்களுக்குத் தரும் உயரிய பட்டமான 'தேசியக் கலைஞர்' முதலில் அவருக்குத்தான். எனக்குப் பேச வேண்டியது அவரிடம் படித்த மார்ட்டினோ அபெல்லானாவைப் பற்றி.

செபு தீவிலுள்ள கார்கார் என்ற ஊரில் 1914இல் பிறந்தவர். மணிலாவில், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக நுண்கலைப் பள்ளியில் படித்தார். காட்சிக்கூடமும் வாங்குகிறவர்களும் விமர்சகர்களும் மணிலாவில்தான். இருந்தும் அவர் சொந்த மண்ணுக்கே திரும்பினார். அங்கேயே வரைந்தார், அங்கேயே சொல்லிக்கொடுத்தார், 1988இல் மறையும் வரை.

'தெற்கின் அமோர்சோலோ' என்று அவரை அழைப்பதுண்டு. பாராட்டித்தான் சொல்கிறார்கள், ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. 'யோபுவும் மனிதனே' என்று ஓர் ஓவியம் வரைந்திருக்கிறார். எல்லாம் பறிபோய்ச் சாம்பலில் உட்கார்ந்த விவிலிய யோபுவைப் பொருளாக எடுத்தவரை, குருவின் பொன்வெயிலுக்குள் மட்டும் எப்படி அடைப்பது?

அதைவிடப் பெரிய விஷயம் அவருடைய மாணவர்கள். சொஃப்ரோனியோ மெண்டோசா, ரொமுலோ கலிகானோ இருவரும் செபுக்காரர்கள், அவரிடம் பயின்றவர்கள். இவர்கள் மணிலாவுக்குப் போய், 1968இல் இன்னும் சிலரோடு சேர்ந்து திமசலாங் குழுவைத் தொடங்கினார்கள். தெருவிலும் ஆற்றங்கரையிலும் நின்று, கண்ணெதிரே இருப்பதை வரைந்த குழு அது. உருவங்களை அப்படியே வரையாத அருவ ஓவியம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இப்படி வரைய நெஞ்சுரம் வேண்டும். மணிலாவில் தங்காத ஆசிரியரின் பயிற்சி, மாணவர்களின் கைவழியே மணிலாவுக்கு வந்து சேர்ந்தது.

1975இல் ஓவியர் ஹோஸே ஹோயாவின் முன்முயற்சியில், அதே பல்கலைக்கழகத்தின் செபு வளாகத்தில் நுண்கலைப் படிப்பு தொடங்கியது. அபெல்லானா அங்கேயும் கற்பித்தார். செபுப் பிள்ளைகள் ஓவியம் படிக்கக் கப்பலேறி மணிலா போயே ஆக வேண்டும் என்ற நிலை மாறியதில் அவருக்கும் பங்குண்டு.

அவருக்குத் தேசியக் கலைஞர் பட்டம் தரப்படவில்லை. இந்த மாதிரி விருதுகள் கண்ணுக்குத் தெரிகிற படைப்புகளைத்தான் எடைபோடுகின்றன. ஓர் ஆசிரியர் மாணவனின் கோட்டைத் திருத்திய நேரத்துக்குப் படச்சட்டமும் இல்லை, கையொப்பமும் இல்லை. அதற்காகச் செலவிட்ட ஆண்டுகளில் அவர் வரையாமல் விட்ட படங்கள் எத்தனையோ! தெரிந்தே கொடுத்த விலை அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

காலம் கடந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஹோயா இறந்தது 1995இல், அவருக்குப் பட்டம் கிடைத்தது 2003இல். அபெல்லானாவுக்கும் அதைக் கொடுக்கலாம். கொடுக்கும்போது ஓவியர் என்பதற்கு இணையாக ஆசிரியர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.