சுகருக்குக் காலைப் பார்க்கிறோம், தலையை யார் பார்ப்பது?

பாலக்கோடு தக்காளி மண்டியில் முப்பது வருஷமாகப் பேனா, பேப்பர் இல்லாமல் கணக்குப் போட்டவர் எங்கப்பா. போன வருஷம் அந்தக் கணக்கு தப்ப ஆரம்பித்தது. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தார். வயசாச்சு இல்லே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒருநாள் காலை மண்டியிலிருந்து போன். "தம்பி, அப்பா காலையிலேயே போட்டுட்டு வந்துட்டாரு போல, பேச்சு குளறுது." கள்ளைக்கூடத் தொடாத மனுஷன்! போய்ப் பார்த்தால் சட்டையெல்லாம் வியர்வை, தக்காளிப் பெட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மெடிக்கலில் விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில், "எதுக்குடா கூட்டம்?" என்கிறார்.

சுகர் மாத்திரை போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டுவிட்டு, களி தின்னாமல் கிளம்பியிருக்கிறார். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மூளை எடையில் உடம்பில் 2 சதவீதம்தான், ஆனால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. குளுக்கோஸ் இறங்கினால் அது தடுமாறாமல் என்ன செய்யும்? சுகர் வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தாலும் ஆபத்துதான். கண்ணிலும் கிட்னியிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடுவது போல மூளையிலும் கெடும். மறதி வந்தால் மாத்திரை தப்பும், மாத்திரை தப்பினால் சுகர் தாழும், அடிக்கடி தாழ்ந்தால் மறதி இன்னும் கூடலாம்.

அப்பாவுக்குச் சுகர் இருக்கும் இந்தப் பதினாலு வருஷமாக டாக்டர்கள் காலைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். ஞாபகம் எப்படி இருக்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சரி, நாங்களும் வாய் திறந்து சொன்னதில்லை. மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதனாலும் மறதி வரும், நேரத்தில் கண்டுபிடித்தால் ஊசியிலேயே தேறலாம் என்பதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது. அப்பாவுக்கும் பி12 குறைவுதான்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி மாத்திரை வருவது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். அந்த மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, "நேத்து மாத்திரை எப்போ போட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் போதும். பதில் தடுமாறுகிறதா என்று பார்க்க ஸ்கேனா வேண்டும்?

பி12 ஊசி போட்டு மூன்று மாதம் ஆகிறது, மாத்திரையையும் மாற்றியாயிற்று. நேற்று 37 பெட்டி, பெட்டி 340 ரூபாய். அப்பா வாயாலேயே 12,540 என்றார். என் போனில் 12,580 வந்தது. நான் காட்டவில்லை.