ஒரு கேபிள் செத்தாலும் எல்லாம் பச்சைதான்

"ரெண்டு லைன் போட்டிருக்கோம் சார், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாத்துக்கும்" என்று இனி எவராவது என் முன்னால் சொன்னால் நான் பொறுப்பில்லை. இன்னொன்று பார்த்துக்கொள்ளும், சரி. அந்த ஒன்று போய்விட்டது என்பதை எவன் பார்த்துச் சொல்வான்? இந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் எல்லோருக்கும் அவசரமாக ஒரு போன் வந்துவிடுகிறது.

திருவொற்றியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். ஆபீஸில் ஒரு ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி), கேட்டை ஒட்டிய எடை மேடை கேபினில் இன்னொரு ஸ்விட்ச், நடுவில் ரெண்டு காப்பர் கேபிள். அந்த ரெண்டையும் எல்ஏசிபி (ரெண்டு ஸ்விட்ச்சும் தங்களுக்குள் பேசிப் பல கேபிளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போட்டு ஒரே போர்ட் சேனலாக, அதாவது வெளியே ஒரே லைனாகத் தெரிகிற மாதிரி, கட்டிவிட்டு, மானிட்டரிங் சாஃப்ட்வேரில் அதுக்கு ஒரு பச்சைப் புள்ளியும் வைத்துவிட்டு, பில் பணத்தை வாங்கிக்கொண்டு போனது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. கேட் கேமராக்கள், எடை மேடை கம்ப்யூட்டர், கேட் பாஸ் பிரிண்டர், எல்லாத்துக்கும் அதுதான் வழி.

போன வாரம் சாயங்காலம், வண்டிகள் வரிசை கட்டுகிற நேரமாகப் பார்த்து கேட்டில் இருக்கும் தம்பி போன் போடுகிறான். "ணா, இன்னாணா இது, நெட்டு நவுரவே மாட்டேங்குது, ஒரு பாஸ் அடிக்கறதுக்குள்ள டிரைவருங்க எறங்கி வந்து கத்துறாங்க." மானிட்டரிங்கைத் திறந்தால் பச்சை. ரிஃப்ரெஷ் பண்ணினாலும் பச்சை. மேனேஜர் சாரும் எட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் பச்சையாதானேப்பா இருக்கு, எடை மேடை சாஃப்ட்வேர்காரங்களக் கேளு" என்று போய்விட்டார். வெளியே எக்ஸ்பிரஸ் ரோடு வரைக்கும் டிரெய்லர் நிற்கிறது, உள்ளே நாங்கள் பச்சைப் புள்ளியை ரசித்துக்கொண்டிருக்கிறோம்.

கேபினுக்கே போய் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கூட்டிப் பெருக்கும்போது யாரோ ஒரு லைனின் பேட்ச் கார்டை, அதாவது ஸ்விட்ச்சில் சொருகும் சின்ன கேபிளை, இடறிவிட்டிருக்கிறார்கள், அது கழன்று கிடக்கிறது. இதுக்குத்தானே ஐயா ரெண்டாவது கேபிள்? ஆனால் அந்த ரெண்டாவது கேபிள் ஏற்கெனவே சீக்காளி. இந்தப் பக்கத்து உப்புக் காற்று கேட்டுக் கம்பியையே தின்றுவிடும், கேபிளைச் சொருகும் ஆர்ஜே-45 முனையை விட்டுவைக்குமா, பின்னில் களிம்பு ஏறி ஒரு ஜோடிக் கம்பி தொடர்பே விட்டுப் போயிருந்தது. கிகாபிட், அதாவது 1000 மெகாபிட், ஓட எட்டுக் கம்பியும், அதாவது நாலு ஜோடியும், வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும். அதனால் அந்த போர்ட் (ஸ்விட்ச்சில் கேபிள் சொருகும் வாய்) சாகவில்லை, கௌரவமாக 100-க்கு இறங்கிக்கொண்டு லைட்டை மினுக்கிக்கொண்டிருந்தது. எல்ஏசிபி ஒரே வேகத்தில் இருக்கும் போர்ட்களைத்தான் ஒன்றாகச் சேர்க்கும், ஒன்று 1000 இன்னொன்று 100 என்றால் 100-ஐ வெளியே நிறுத்திவிடும். நிறுத்தியிருக்கிறது. நல்ல கேபிள் கழன்றதும், சரி நீயாவது வா என்று அதே சீக்காளியை உள்ளே இழுத்துக்கொண்டு போர்ட் சேனல் மறுபடி எழுந்துவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற மானிட்டரிங்குக்கு அந்தச் சில நொடிச் சறுக்கல் கண்ணில் படவே இல்லை. ரெண்டு கிகாபிட் என்று காசு கொடுத்த இடத்தில் 100 மெகாபிட், அதுவும் டேட்டா வழியில் சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி எரர் கொட்டக் கொட்ட, கேமரா வீடியோ பூராவும் அதில் அடைத்துக்கொண்டு. ஸ்க்ரீனில் பச்சை.

எனக்கு ஆத்திரம் கேபிள் மேல் இல்லை. கடற்கரையில் கேபிள் கெடும், அது அதன் இயல்பு. அது எப்போது கெட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்விட்ச்சின் லாக், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு, சின்ன மெமரியில் சுற்றிச் சுற்றி எழுதுகிற சாமான், பழையது எப்போதோ அழிந்துவிட்டது. லாகை அனுப்பி வைக்க வெளியே ஒரு சிஸ்லாக் சர்வர் கிடையாது. தனி போர்ட்டுக்கு கிராஃப் கிடையாது, கம்பெனிக்காரர்கள் போர்ட் சேனலுக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள். கேட்டதுக்கு வந்த பதில், "ரெண்டும் சேர்ந்து ஒண்ணுதானே சார், தனித்தனியா எதுக்கு?"

எதுக்கா? போர்ட் சேனல் என்பது உறுப்பினரில், அதாவது உள்ளே கட்டிய லைன்களில், ஒன்று உயிரோடு இருந்தாலும் "அப்" என்றுதான் சொல்லும். அப்படி இருக்கத்தான் அதைச் செய்தார்கள். ஒரு கோளாறை மேலே தெரியாமல் மூடி மறைப்பதுதான் அதன் வேலையே, அப்படியிருக்க அதன் மேல் முகத்தை மட்டும் பார்த்து உள்ளே சுகமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? சரி, தனி போர்ட் அப்-ஆ டவுன்-ஆ என்று பார்த்திருந்தாலாவது பிடிபட்டிருக்குமா என்றால், அதுவும் இல்லை, அந்த 100 மெகாபிட் போர்ட்டும் "அப்"தான். பார்க்க வேண்டியது அது போர்ட் சேனலுக்குள் இருக்கிறதா வெளியே நிற்கிறதா என்பது. அதுக்கு எல்ஏசிபியின் நிலை பிட்களே இருக்கின்றன, சேர்ந்திருக்கிறதா, வாங்குகிறதா, அனுப்புகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். லினக்ஸ் சர்வரில் பாண்ட் (போர்ட் சேனலுக்கு அங்கே அந்தப் பெயர்) போட்டவர்கள் போர்ட் ஸ்டேட் 61 அல்லது 63 என்று பார்த்திருப்பீர்கள், எல்லாம் சரியாக இருந்தால் வருகிற எண் அது. ஸ்விட்ச்சிலும் இதையெல்லாம் எஸ்என்எம்பி (மானிட்டரிங் சாஃப்ட்வேர் ஸ்விட்ச்சை விசாரிக்கும் முறை) வழியே கேட்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாத சோம்பேறிக்கும் ஒரு வழி இருக்கிறது, பெரும்பாலான ஸ்விட்ச்களில் போர்ட் சேனலின் வேகம் என்ற ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் போதும், அது 2000-லிருந்து 1000-க்கு இறங்கினால் மணி அடி. ஒரே ஒரு அலாரம். அதைக்கூடப் போடவில்லை.

இது ஒன்றும் நேற்று முளைத்த சமாச்சாரமும் இல்லை. எல்ஏசிபிக்கான தரநிலை 2000-ல் 802.3ஏடி என்று வந்தது, 2008-ல் 802.1ஏஎக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இத்தனை வருஷம் ஆகியும் "அப்-ஆ இருக்கு சார்" என்பதைத் தாண்டவில்லை நம் ஆட்கள்.

போட்டிருந்த கிராஃபின் லட்சணத்தையும் சொல்கிறேன். ஓடிய பைட்களை எண்ணுவது 32 பிட் கவுண்டர். ஒரு கிகாபிட் முழுசாக ஓடினால் அந்தக் கவுண்டர் சுமார் 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அதை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படித்தால் கிடைக்கிற எண்ணை வைத்து ஜோசியம் கூடச் சொல்ல முடியாது. 64 பிட் கவுண்டர் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு டிக் அடித்தால் முடிந்தது.

இதே ஆட்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடோனுக்குப் போட்டுக்கொடுத்தது இன்னொரு கொடுமை. ரெண்டு ஃபைபர், ரெண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் காப்பர் கேபிளையும் இணைக்கும் பெட்டி), எல்ஏசிபியே வேண்டாம் என்று, எதிர்ப் பக்கத்தைக் கேட்காமலே சேர்க்கும்படி ஸ்டாட்டிக்காக "ஆன்" மோடில் கட்டிவிட்டார்கள். ஏன் என்றால் ஆரம்பத்தில் எல்ஏசிபி எழவில்லையாம். எப்படி எழும், ரெண்டு பக்கமும் பாஸிவ் என்று வைத்தால் ரெண்டும் எதிராளி பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒரு பக்கமாவது ஆக்டிவ் இருக்க வேண்டும். அதைத் திருத்தாமல் ஸ்டாட்டிக். அப்புறம் ஒரு கன்வெர்ட்டர் அந்தப் பக்கம் புகைந்தது. இந்தப் பக்க ஸ்விட்ச்சுக்கு இந்தப் பக்க கன்வெர்ட்டரின் லைட் தெரிகிறது, அதனால் லிங்க் இருக்கிறது என்று நம்பிப் பாதி ட்ராஃபிக்கை அந்தக் குழியில் கொட்டிக்கொண்டே இருந்தது. குடோனில் பாதிப் பேருக்கு எல்லாம் வருகிறது, பாதிப் பேருக்கு ஒன்றும் வரவில்லை, ஒருவர் பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் போகிறது, பக்கத்து சீட்டுக்காரர் அடித்தால் போகவில்லை, யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. எல்ஏசிபி இருந்திருந்தால் எதிர்ப் பக்கத்திலிருந்து பாக்கெட் (டேட்டாத் துண்டு) வரவில்லை என்று தானே அந்த லைனை ஒதுக்கியிருக்கும், ஸ்லோ டைமர் என்றால் 90 நொடி, ஃபாஸ்ட் என்றால் 3 நொடி. அவ்வளவுதான் நஷ்டம்.

ரெண்டு கேபிள் என்றால் ரெட்டை வேகம் என்று முதலாளியிடம் சொல்லி வைத்தார்களே, அதைப் பற்றி நினைத்தாலே ரத்தக் கொதிப்பு. ஸ்விட்ச் பாக்கெட்டைப் பாதியாகப் பிய்த்து ரெண்டிலும் அனுப்பாது. அனுப்புகிறவர், பெறுகிறவர் விலாசத்தைக் கணக்குப் போட்டு, ஒரு உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில்தான் தள்ளும், இல்லாவிட்டால் பாக்கெட்கள் வரிசை மாறிப் போகும். ஆக ராத்திரி பேக்கப் ஒரே ஓட்டமாக ஓடினால் அதுக்குக் கிடைப்பது ஒரு கிகாபிட்தான், எத்தனை கேபிள் கட்டினாலும். அதிலும் அந்தக் கணக்கை மேக் விலாசத்தை, அதாவது கருவிக்கென்றே இருக்கும் விலாசத்தை, மட்டும் வைத்துப் போட விட்டிருந்தார்கள். கேமராக்கள் ஒரு சப்நெட் (நெட்வொர்க்கின் தனிப் பகுதி), ரெக்கார்டர் வேறு சப்நெட், நடுவில் ரவுட்டர், ரவுட்டரைத் தாண்டி வருவது எல்லாத்துக்கும் ஒரே மேக், ஆகவே எல்லாம் ஒரே கேபிள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு லேனில் டிரெய்லர்கள் மூச்சு முட்ட நிற்க, பக்கத்து லேன் காலியாகக் கிடப்பது மாதிரி. ஐபி விலாசத்தையும் போர்ட் எண்ணையும் (இது கேபிள் வாய் இல்லை, உரையாடலுக்கான எண்) சேர்த்துக் கணக்குப் போடு என்று ஒரு வரி மாற்றினேன், ஓரளவுக்குப் பிரிந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாது, ஒவ்வொரு ஸ்விட்ச்சும் தான் அனுப்புவதை மட்டும்தான் தீர்மானிக்கும், எதிர்ப் பக்கத்தையும் மாற்ற வேண்டும். இதை அந்தக் கம்பெனி இன்ஜினியருக்கு விளக்கியதுக்கு "அப்படியா சார்" என்கிறார். சம்பளம் அவருக்கு.

இவ்வளவும் நடந்த பிறகு நேற்று அதே கம்பெனியிலிருந்து ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது, கேட் லிங்க்குக்கு மூணாவது கேபிள் போட்டால் "பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட்" ஆகுமாம். நம்மிடம் இருக்கும் ஸ்விட்ச் ட்ராஃபிக்கை எட்டுக் கூறாகப் பிரித்துத்தான் பங்கு போடும், மூணு கேபிள் என்றால் 3, 3, 2 என்று ஏறுமாறாகத்தான் விழும். அதுகூடப் பரவாயில்லை. வரி வரியாகப் படித்துப் பார்த்தேன், கேபிள், கண்டூட் பைப், ஆள் கூலி, ஜிஎஸ்டி, எல்லாம் இருக்கிறது, அலாரம் என்று ஒரு எழுத்து இல்லை. உப்புக் காற்று புகாத பெட்டிக்கும் ஃபைபருக்கும் விலை போட்டு, உறுப்பினர் போர்ட் ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வைத்து, என் கண் முன்னால் ஒரு கேபிளை உருவிக் காட்டி, ஸ்க்ரீனில் சிவப்பு வந்த பிறகுதான் பணம் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.