சராசரியை வைத்துக் கடலை எடை போடக்கூடாது

கடல் நீரில் அமிலத்தன்மை கூடுகிறது என்றால், "8.2 இருந்தது 8.1 ஆச்சு, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கிறார்கள். இந்த எண்தான் பி.எச்., நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள். தொழிற்புரட்சிக்குப் பிறகு அது இறங்கியது ஏறக்குறைய அந்த 0.1தான். ஆனால் அது மடக்கைக் கணக்கு: எண் ஒன்று இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. 0.1 இறங்கினாலே, அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் நாலில் ஒரு பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதனால் குறைகிறது.

என்னை உறுத்துவது ஆபத்தைக் கணிக்கும் முறைதான். வளர்ந்த மீனைத் தொட்டியில் விட்டு, சாகவில்லை, சரி, பிரச்சினை இல்லை என்று முடித்துவிட முடியாது. பெரிய மீன் தன் ரத்தத்தில் ஏறும் அமிலத்தை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சிப்பிக் குஞ்சால் முடியாது. கருவுற்ற இரண்டு நாளுக்குள் அது முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். கையிருப்போ முட்டையில் இருந்த கொஞ்சம் சத்து மட்டும்தான். கார்பனேட் குறைந்த நீரில் அந்தச் சத்து முழுக்க ஓட்டுக்கே செலவாகி, இரை தேடத் தெம்பில்லாமல் செத்துப்போகும். 2007 வாக்கில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் சிப்பிக் குஞ்சுப் பண்ணைகளில் இதுதான் நடந்தது. பிறகு நீரை விடாமல் அளந்து, அமிலத்தைக் குறைக்க சோடியம் கார்பனேட் கலந்து மீட்டார்கள்.

பவளப்பாறை மீன்களின் நடத்தையே மாறிவிடும் என்று முன்பு வந்த முடிவுகள் 2020இல் திரும்பச் செய்து பார்த்தபோது நிற்கவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்காக ஓடுள்ள உயிர்களின் ஆபத்து குறைந்துவிடாது.

எண்ணூர் முகத்துவாரத்தில் சோடியம் கார்பனேட்டை யார் கலப்பது? அங்கே இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அதே நீரில்தான் அனல்மின் நிலையத்துச் சுடுநீர், சாம்பல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு பரவிய எண்ணெய் எல்லாம். கழிவு அழுக அழுக ஆக்சிஜன் குறையும், கரியமில வாயு ஏறும். பகலில் பாசி அதை இழுத்துக்கொள்ளும், ராத்திரியில் மறுபடி கூடும். பகல் பதினோரு மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனால் நல்ல எண்தான் வரும். குஞ்சு சாவது விடியற்காலை எண்ணில்.

அதனால் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மணிக்கு மணி அளக்கும் கருவிகள் வேண்டும், முக்கியமாக சிப்பியும் மட்டியும் முட்டையிடும் மாதங்களில். கடல் ஆய்வு நிறுவனங்கள் இதோ பள்ளிக்கரணையிலேயே இருக்கின்றன. அளவுகளை மீனவர் குப்பங்களில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போடுங்கள். கரையோரம் அடுத்த ஆலைக்கு அனுமதி கேட்டு வருகிறவர்கள் முதலில் அந்த விடியற்காலைக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.