சுவரில் வரைந்த மரம் நிழல் தராது சார்

எங்கள் பகுதி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இப்போது ஒரு பிரமாதமான ஆலமரம் நிற்கிறது. விழுது உண்டு, கிளி உண்டு, விழுதில் ஊஞ்சலாடும் குழந்தைகூட உண்டு. அத்தனையும் பெயிண்ட். அந்த "மரத்தடியில்" பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் துண்டு, துப்பட்டா, ஆபீஸ் பை என்று கைக்குக் கிடைத்ததைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏனென்றால் அதே இடத்தில் நிஜமாக நின்ற தூங்குமூஞ்சி மரத்தை மழைநீர் வடிகாலுக்காக வெட்டியாகிவிட்டது. வடிகால் வந்தது. சுவர் வந்தது. சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று யாருக்கோ உறுத்தியிருக்கிறது, உடனே ஓவியர்கள் வந்துவிட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில் வாசகம் வேறு: மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்!

வளர்ந்து நின்றதை யாரய்யா வெட்டினது?

சரி, வரைந்ததையாவது ஒழுங்காக வரைந்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஆலமரத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பும் மஞ்சளுமாக மேப்பிள் இலைகள் உதிர்கின்றன. கிளையில் வாழைப்பழம் மாதிரி மூக்கோடு ஒரு டூக்கன். தென்னமெரிக்காப் பறவைக்கு எங்கள் பஸ் ஸ்டாப்பில் என்ன வேலை? வெட்டின மரத்தில் மைனா இருந்தது, காக்காக் கூடு இருந்தது, அணில் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. நம் தெருவில் இலை சிவந்து உதிர்வதைக் காட்டத்தான் வேண்டும் என்றால் பாதாம் மரம் இருக்கிறதே, நாட்டு வாதுமை. உதிர்வதற்கு முன்னால் அது செக்கச்செவேலென்று நிற்கும். அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வரைந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சாரத்தில் நின்றவர் ஒரு கையில் போனில் டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே மறு கையால் வரைந்துகொண்டிருந்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. ஃப்ளெக்ஸ் பேனர் வந்து விளம்பரப் பலகை எழுதுகிறவர்களின் பிழைப்பைக் காலி பண்ணின பிறகு, இந்தச் சுவர் வேலை பலருக்குச் சோறு போடுகிறது. 2009-இல் சென்னை அண்ணா சாலையில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சொல்லிச் சுவர்களில் படம் வரையவைத்தார்களே, அதில் கட்-அவுட் வரைந்த கைகளுக்கு வேலை கிடைத்தது. நல்ல விஷயம். படம் இருந்தால் போஸ்டர் ஒட்ட மாட்டான், ஒன்றுக்குப் போக மாட்டான், அதுவும் சரி. என் எரிச்சல் ஓவியத்தின் மேல் இல்லை. மரத்தை எடுத்துவிட்டு, எடுத்த இடத்தை மூடுவதற்கு மரத்தின் படத்தையே போர்வையாகப் போடுகிறார்களே, அதன் மேல்.

சுவரோடு விட்டார்களா? அப்புறம் மரத்தையே கேன்வாஸ் ஆக்கிவிட்டார்கள். எங்கள் பூங்காவில் மிச்சமிருக்கும் புங்கைகளின் அடிமரம் முழுக்க எனாமல் பெயிண்டில் பூ, பட்டாம்பூச்சி, கண் மூக்கு வைத்த சிரித்த முகம். மரப்பட்டையில் மூச்சு விடுவதற்கென்று சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அதன் மேல் எண்ணெய்ப் பெயிண்டை அப்பினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லும். நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்குக் காலங்காலமாக வெள்ளைப் பட்டை அடித்து நம்பர் போடுகிறார்களே என்று கேட்கலாம். வழக்கமாக அங்கே அடிப்பது சுண்ணாம்பு; நாலு மழையில் கரைந்து போகும். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, ராத்திரியில் வண்டிக்காரன் கண்ணில் மரம் பட வேண்டும். பட்டாம்பூச்சிக்கு என்ன காரணம்?

ராத்திரியானால் அதே மரங்களில் சீரியல் லைட். வயரைச் சுற்றி, ஆணி அடித்து, வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். பட்டை வளர்ந்து வயரை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே "பி.ஜி. ரூம்", "மூலம், பௌத்திரம்" என்று தகரப் பலகைகள் தனி ஆணியில். திறந்தவெளி அலங்கோலத் தடுப்புக்கென்று தமிழ்நாட்டில் 1959-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி ஆணி அடிக்கிறவனுக்கு யார் சொல்வது?

பூங்காவில் உட்கார சிமெண்ட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், வெட்டிய மரத்துண்டு மாதிரியே. வளையம் வளையமாக வயசு தெரியும் கோடுகூட வரைந்திருக்கிறார்கள்! மத்தியானம் அதில் உட்கார்ந்து பாருங்கள், சுள்ளென்று சுடும். அடித்துக்கொள்ளவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

இதைப் போய்க் கேட்டால் இரண்டு பதில் தயாராக இருக்கும். முதலாவது, "பெரிய மரம் ஆபத்து சார், புயலில் விழும்." 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தாவில் ஆயிரக்கணக்கில் விழுந்தது உண்மைதான். ஒரு பக்கம் வேரைப் பள்ளம் தோண்டி அறுத்தால், அடியைச் சுற்றிப் பேவர் பிளாக்கை நெருக்கிப் போட்டுத் தண்ணீரே இறங்காமல் செய்தால், மேலே கரண்ட் கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்தால், எந்த மரம் சார் நிற்கும்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவு போட்டது. எங்கள் தெருவில் ஒரு சாண்கூட விடவில்லை.

இரண்டாவது பதில், "சிங்கப்பூரைப் பாருங்க சார், இரும்பிலேயே மரம் செஞ்சு வெச்சிருக்கான்." பார்த்தேன். கரையோரப் பூந்தோட்டத்தில் 18 சூப்பர் மரங்கள், உயரமானது 50 மீட்டர். அவை வெறும் இரும்பு இல்லை, உடம்பெல்லாம் உயிருள்ள செடி கொடி. அதோடு அந்த ஊரில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ 1963-லேயே மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவிட்டார். சூப்பர் மரங்கள் திறந்தது 2012-இல். நிஜ மரத்தை ஐம்பது வருடம் வளர்த்த பிறகு இரும்பு மரம் வைத்தான். அங்கே குறிப்பிட்ட பாதுகாப்புப் பகுதிகளில், சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டிய மரத்தை உன் சொந்த நிலத்தில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சிங்கப்பூரிலிருந்து இரும்பு மட்டும்தான் நம் ஆட்களுக்குக் கண்ணில் படுகிறது.

மரத்தைக் கொண்டாடும் பொதுக்கலை என்றால் ஜெர்மனியில் காசெல் நகரத்தைச் சொல்வேன். யோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-இல் அங்கே அருங்காட்சியகத்துக்கு எதிரே 7000 கருங்கல் தூண்களைக் கொண்டுவந்து குவித்தார். நகரத்தில் ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். மரம் நடாமல் கல் நகராது. ஊர் நடுவில் குவியல் அசிங்கமாகக் கிடக்கிறதே என்று எரிச்சல்பட்டவர்களும் உண்டு. கிடக்கட்டும்! எத்தனை மரம் பாக்கி என்று எல்லோர் கண்ணிலும் குத்திக்கொண்டே இருந்தது. பாய்ஸ் 1986-இல் இறந்துபோனார், மறுவருடம் கடைசி மரத்தை அவர் மகன் நட்டார். மரங்கள் இன்றும் காசெல் தெருக்களில் நிற்கின்றன. வெட்டினதற்குப் பதில் பத்து நடுவோம் என்று நம் ஊரில் அறிக்கை விடுகிறார்களே, அந்தக் கணக்குக்கு ஆபீஸ் வாசலில் இப்படி ஒரு கல் குவியல் போடச் சொல்லுங்கள். உள்ளே போக வழி இருக்காது.

ஜெர்மனிவரை போவானேன், நம்மிடமே இருந்தது. அரசும் வேம்பும் பின்னி நிற்கும் மேடை, அடியில் பிள்ளையார், சுற்றி நாகர் கற்கள், கிளையில் மஞ்சள் துணி. சிற்பம் மரத்தடியில் உட்கார்ந்தது, மரத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் மாமரத்துக்குத்தான் பிராகாரம் இடம் விட்டிருக்கிறது. எங்கள் அரசமர மேடைக்கும் போன மாசம் உபயதாரர் கிடைத்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். அடிமரத்தை ஒட்டிக் கிரானைட் பதித்து, அவர் பேரைப் பிள்ளையாரைவிடப் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள்.

இப்போது அடுத்த தெருச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். தீம் "பசுமை நகரம்" என்று கேள்வி. அங்கே சுவருக்கு முன்னால் ஒரு வாகை மரம் நிற்கிறது, படம் மறையும், அதனால் கிளையைக் கழிக்க வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. யார் உத்தரவு என்று கேட்டால் காண்டிராக்டர் மேலே கையைக் காட்டுகிறார், மேலே இருப்பவர் காண்டிராக்டரைக் காட்டுகிறார். எழுத்தில் கொடுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம், தெருவில் இருபது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அரிவாளோடு ஆள் வந்தால் அந்த உத்தரவை எழுத்தில் காட்டாமல் ஏணி வைக்க விடுவதாக இல்லை.