மனப்பான்மை பத்தலயாம் எங்களுக்கு

அந்த ஞாயித்துக்கிழம கல்யாண மண்டபத்துல மைக் புடிச்சவரோட வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. எனக்கே பதினாலு பேர் அனுப்பிட்டாங்க. கல்ஃப்ல இருந்து வர்றவன் காசெல்லாம் நகை, கல்யாணம்னு அழிச்சுடறானாம், தொழில் பண்ற மனப்பான்மையே இல்லயாம். அதுக்கு முன்வரிசைல கைதட்டு வேற.

சார், சவுதி ஜுபைல்ல பதினோரு வருஷம் பைப் வெல்டர் நான். சிக்ஸ் ஜின்ற வெல்டிங் டெஸ்ட்டு பாஸ். பைப்ப நாப்பத்தஞ்சு டிகிரி சாய்ச்சு கட்டிடுவான், அது திரும்பாது, நாமதான் அத சுத்தி சுத்தி வந்து அடிக்கணும், அப்புறம் அந்த வெல்டிங்க எக்ஸ்ரே எடுப்பான், உள்ள அளவுக்கு மேல காத்து இருந்தா ஃபெயில். அந்த கைக்கு சென்னை எர்ணாவூர்ல பட்டறை போட மனப்பான்மை பத்தல, அப்டித்தான?

பத்தாதது முதல் ஆறு மாசம் வாடகைக்கு காசு. அப்புறம் முதல் ஆர்டர். இது ரெண்டுதான்.

பேங்க் மேனேஜர் என் சர்ட்டிபிகேட்ட வாங்கி, அரபி எழுத்த பாத்துட்டு, தலகீழா புடிச்சிருக்கமோன்னு ஒரு தடவ திருப்பி பாத்தாரு. அப்புறம் சிபில், அதான் கடன் கட்டுன வரலாத்துக்கு போடுற மார்க்கு. மைனஸ் ஒண்ணு. கடன் கட்டாதவன்னு அர்த்தம் இல்லீங்க, இங்க கடனே வாங்காதவன்னு அர்த்தம். வாங்காம இருந்தது என் தப்பு.

"தொழில் கடனுக்கு அரசு திட்டம் முத்ரா இருக்கு, பிஎம்இஜிபி இருக்கு, படிச்சு பாருங்க ப்ரோ"ன்னு வருவீங்க, தெரியும். படிச்சேன் ப்ரோ. பிஎம்இஜிபில சிட்டில பொதுப்பிரிவுக்கு மானியம் 15 சதவீதம், அதுவும் மூணு வருஷம் பேங்க்லயே டெபாசிட்டா கெடக்கும், லோன் குடுக்குறது அதே மேனேஜர்தான். முத்ராவுக்கு ஜாமீன் வேணாம்னு போட்டிருக்கு, போய் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க. கேரளால, வெளிநாட்டு மலையாளிகளுக்கான அரசு அமைப்பு நோர்க்கா மூலமா, ரெண்டு வருஷமாவது வெளிநாட்டுல வேல செஞ்சு திரும்புனவனுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு. 30 லட்சம் வரைக்கும் தொழிலுக்கு 15 சதவீதம் மானியம், அதிகபட்சம் 3 லட்சம், ஒழுங்கா கட்டுனா நாலு வருஷம் வட்டில 3 சதவீதம் கொறையும். அங்கயும் பேங்க்காரன் இழுத்தடிப்பான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ வெளிநாட்டுல கெடந்தத ஒரு தகுதியா எழுதி வெச்சிருக்கான் பாருங்க.

"குடிச்சு அழிச்சவன் இல்லயா?" இருக்கான், எங்க தெருவுலயே ரெண்டு பேரு. விடுங்க அத.

நகைக்கு வரேன். ஆமா, நகை வாங்குனேன். தங்கச்சிக்கு போட்டேன், வூட்டுக்காரிக்கு நாலு சவரன் செயின் போட்டேன். மேனேஜர் கைய விரிச்சப்ப அந்த செயின்தான் அடகுக்கடைக்கு போய் ஆர்கான் வெல்டிங் மிஷினாவும் த்ரீ ஃபேஸ் கரண்டு டெபாசிட்டாவும் திரும்பி வந்துச்சு, இல்லன்னா மீட்டர் வட்டிக்காரன் வூட்டு வாசல்ல நின்னுருப்பேன். முதல் ஆர்டர் எந்த ட்ரெயினிங்லயும் வரல, காசிமேட்ல மீன்புடி போட்டுல வேல பாக்குற மச்சான் புடிச்சு குடுத்தான், ஒடஞ்ச வின்ச் ஸ்டாண்டு. நைட்டு முழுக்க அடிச்சு விடியறதுக்குள்ள போட்ட எறக்கி வுட்டோம்.

கல்யாணத்துக்கு செலவு பண்ணோமாம். எங்கப்பா செத்தப்ப ஃபோன்ல பாத்தேன் சார், நெட் கட் ஆயி கட் ஆயி, கொள்ளி வெக்கிற நேரம் படம் அப்டியே நின்னுடுச்சு. லீவு குடுக்கல. அந்த காசு எப்டி செலவாச்சுன்னு ஏசி மண்டபத்துல கணக்கு கேக்குறீங்க.

வீடியோவுல அவருக்கு பின்னாடி மண்டபத்து கேட்டு தெரியுது, கீல் பக்கம் வெல்டிங் விட்டு தொங்குது. என்னிக்கு எவன் தலைல விழப்போவுதோ. நான் அடிச்சு தரேன், அட்வான்ஸ் குடுத்துட்டு கூப்பிட சொல்லுங்க.