ஹைட்ரஜன் வரும்வரை என் காருக்கு கரண்ட் கிடையாதாம்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை அன்று இரவே எழுதிவிட்டேன். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் பேட்டரி காரை சார்ஜ் செய்ய, என் மீட்டரிலிருந்து, என் செலவில், என் பார்க்கிங்குக்கு ஒரு 15 ஆம்ப் லைன் கேட்டேன், அவ்வளவுதான். மறுத்ததைக்கூட விடுங்கள், மறுக்கச் சொன்ன காரணத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "ரெண்டு வருஷத்துல ஹைட்ரஜன் கார் வந்துரும் சார். தண்ணியிலயே ஓடும். பேட்டரி காரெல்லாம் காணாமப் போயிரும். எதுக்கு இப்போ சுவத்துல ஓட்டை போட்டுக்கிட்டு?" உடனே ஒருவர் போனை எடுத்து, மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்திறங்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்த வீடியோ 2022 மார்ச் மாதத்தது. அந்தக் கார் டொயோட்டா மிராய், ஜப்பானில் 2014 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் வரும் என்று நீங்கள் காத்திருக்கும் கார் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது ஐயா! இன்றைக்கும் இங்கே ஷோரூமில் போய் அதை வாங்க முடியாது. எப்படியோ வாங்கினாலும் ஹைட்ரஜன் போட சென்னையில் பங்க் கிடையாது.

முதலில் ஒன்று. அது தண்ணீரில் ஓடவில்லை. பின்னாலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. டேங்கில் இருக்கும் ஹைட்ரஜனும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் ஃப்யூயல் செல்லில் சேர்ந்து கரண்ட் உண்டாகிறது, அந்தக் கரண்டில் மோட்டார் சுற்றுகிறது. ஆக, அதுவும் எலக்ட்ரிக் கார்தான். இப்போதைய மிராய்க்குள் சின்னதாக ஒரு லித்தியம் அயான் பேட்டரியும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்று உலகத்தில் தயாராவதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான். சுத்தமாக வேண்டுமென்றால் மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் ஆகும். அதை 700 பார் அழுத்தத்துக்கு, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்குக்கு அமுக்க, குளிர வைக்க, லாரியில் கொண்டுவரத் தனிச் செலவு. இவ்வளவும் செய்தபின் அந்த ஒரு கிலோவில் மிராய் சுமார் 100 கிலோமீட்டர் போகும். அதே 55 யூனிட்டை நேரே என் காருக்குக் கொடுங்கள், சார்ஜிங்கில் வீணாவது போக 300 கிலோமீட்டர் போவேன். அதே மின்சாரம், மூன்று மடங்கு தூரம். இன்ஜினியரிங் படித்தவர்கள் நிறைந்த கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் தரவில்லை.

"நீங்க பேட்டரி கார் வாங்கிட்டீங்க, அதான் இப்படிப் பேசுறீங்க" என்பார்கள். ஆமாம், வாங்கியிருக்கிறேன். வாங்கியவனுக்குத்தானே அதைப் பற்றித் தெரியும்?

"அஞ்சு நிமிஷத்துல ஃபில் பண்ணிடலாமே?" கலிபோர்னியாவில் மிராய் வாங்கியவர்களும் இதை நம்பித்தான் வாங்கினார்கள். ஹைட்ரஜன் நிரப்பும் நாசில் உறைந்து காரோடு ஒட்டிக்கொள்ளும், பங்க் பழுதாகிக் கிடக்கும், இருக்கிற பங்க்கில் வரிசை நிற்கும். ஹைட்ரஜன் விலை கிலோ 36 டாலர் வரை போனது. மிராய் டேங்க் 5.6 கிலோ, அப்படியென்றால் ஒரு முறை நிரப்ப 200 டாலர். 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்க்குகளை மூடிவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் டொயோட்டா மீதே வழக்குப் போட்டார்கள். என் காருக்கு அந்த ஐந்து நிமிடமே தேவையில்லை. ராத்திரி முழுக்கச் சும்மா நிற்கிற கார், நான் தூங்கும்போது சார்ஜ் ஏறிவிடும். அதற்குத்தானே லைன் கேட்டேன்!

"உங்க காருக்கு வர்றதும் நிலக்கரி கரண்ட்தானே?" ஆமாம். அதே கரண்டில் ஹைட்ரஜன் தயாரித்து அதே தூரம் ஓட்டினால் மூன்று மடங்கு நிலக்கரி எரியும். அடுத்தது.

"ஹூண்டாயே ஐஐடி மெட்ராஸோட சேந்து ஹைட்ரஜன் மையம் ஆரம்பிக்குது, அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" அதே ஹூண்டாய் 2025 ஜனவரியில் க்ரெட்டா எலக்ட்ரிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்ததே, அது தயாராவதும் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான். நான் ஹைட்ரஜனுக்கு விரோதி இல்லை. உரத்துக்கு, சுத்திகரிப்பு ஆலைக்கு, இரும்பு உருக்க அது வேண்டும். மத்திய அரசு 2023-ல் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டம் போட்டதை வரவேற்றவன் நான். என் பேச்செல்லாம் வீட்டுக் காரைப் பற்றி மட்டும்தான்.

"பேட்டரி தீப்பிடிக்குமே?" இதை நான் தள்ளிவிட மாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜ் போட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் போய்விட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். நானும் அதனால்தான் நல்ல எர்த்திங்கோடு, கோளாறு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் தனி எம்சிபியோடு, திறந்த பார்க்கிங்கில் முறையான லைன் கேட்கிறேன். முறையான லைன் தராவிட்டால் ஜனம் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத்தான் தொங்கவிடும். பயம் உண்மையென்றால் முதலில் நீங்கள்தான் எனக்காகப் பேசியிருக்க வேண்டும். நார்வேயில் சாண்ட்விகா என்ற ஊரில் 2019 ஜூனில் ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பனையையே நிறுத்தி வைத்தன. அதே நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேட்டரி கார்.

1996-ல் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்று ராமர் பிள்ளை சொன்னதை நம்பி, மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே ஆடியது, பிறகு அது மோசடி என்று தெரிந்தது. ராஜபாளையத்திலிருந்த என் பெரியப்பா, "இனிமே பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறவன் ஏமாளி" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், ஸ்கூட்டர் வாங்குவதைக்கூடத் தள்ளிப்போட்டார். நல்ல மனிதர். கடைசிவரை டவுன் பஸ்ஸில்தான் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலையாட்டல்களைப் பார்த்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

காத்திருங்கள் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். சொன்ன இருவர் வீட்டிலும் ஆளுக்கு இரண்டு டீசல் வண்டி நிற்கிறது. என் மனைவி நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வருகிறவளைக் கூட்டிக்கொண்டு, வழியில் பொது சார்ஜரில் காருக்குள் உட்கார்ந்திருப்போம். அவள் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள், காலில் ஷூகூடக் கழற்றியிருக்க மாட்டாள். கீழே நம் பார்க்கிங்கில் ஒரு பிளக் இருந்தால் அவள் அந்நேரம் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பாள். பக்கத்தில் என் மகள் நிற்கும்போதே "பாவம், ஏமாந்துட்டீங்க சார்" என்று சிரித்தாரே ஒருவர், லோன் கட்டுவது நான், ஏமாந்தேனா இல்லையா என்று எனக்குத் தெரியாதா?

அதைவிட வலித்தது வேறு. கூட்டத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் இருந்தீர்கள். ராத்திரி பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதை லிஃப்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே, ஏன்? மேலே போட்ட கணக்கை அப்படியே மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவேன். உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவேன். கையெழுத்துப் போடுங்கள்.